சாம்பற் கிண்ணமும் தும்பைப் பூவும்

இம்மலருக்குக் கட்டுரை ஒன்று தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, தமிழாசிரியராகிய நாம் சங்கச் செய்யுள் ஒன்றனையோ புராணப் படலம் ஒன்றனையோ எடுத்து விளக்குவோம் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை மாற்றியது மெல்பேண் நகரிலிருந்து எமக்கு வந்த மடல் ஒன்று.

மடல் வரைந்தவர் எம்மிடம் தமிழ் கற்ற பழைய மாணவர். கல்லூரியின் முதற் பதினொருவர் அணியில் வேகப் பந்து வீசியவர். இலக்கண வகுப்பிற் பின்வாங்கிலில் அமர்ந்து மைதானத்தையே நோக்கியிருந்தவர். அவுஸ்திரேலியாவிற் குடியேறி இப்போது இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவர் எழுதியது இது: "ஐயா, எனது வேலைத்தலத்தில் இங்கிலாந்திலிருந்து வந்தவர்களும் இந்நாட்டிற் பிறந்தவர்களும் அருகருகே இருந்து வேலை செய்கின்றனர். ஆண்டு முழுவதும் நண்பர்களாய் இருக்கும் இவர்கள், இரு நாட்டு அணிகளும் ஆடத் தொடங்கிய நாள் முதலாக இரு கட்சியாகி விடுகின்றனர். நூறு ஆண்டுக்கு முன் நடந்தவற்றை நேற்று நடந்தவை போலச் சொல்லிச் சண்டையிடுகின்றனர். பந்து வீசுவது எப்படி என்று எனக்குத் தெரியும். இவர்கள் எதைப்பற்றிப் பேசுகிறார்கள் என்பது தெரியவில்லை. சாம்பல் என்கிறார்கள், கிண்ணம் என்கிறார்கள். ஒரு பிடி சாம்பலுக்கா இவ்வளவும்? மகன் தான் அவுஸ்திரேலியாவின் பக்கம் என்று பள்ளிக்கூடத்திற் சொல்லிவிட்டான். நான் எந்தப் பக்கம் என்று கேட்டால் என்ன சொல்வது?"

விடை மடல் எழுதத் தொடங்கினோம். அது நீண்டு கட்டுரையாயிற்று. வேற்று நாடுகளில் வாழும் பழைய மாணவர் வேறு சிலர்க்கும் இது பயன்படும் எனக் கருதி ஈண்டுத் தருகின்றோம்.

தமிழாசிரியர் எப்பொருளையும் தொல்காப்பியத்திலேயே தொடங்குவர் என்று மாணவர் நகைப்பதுண்டு. நகைப்பாராக. இப்பொருளுக்கு அந்நூலினும் நல்ல வாயில் எமக்குக் கிடைத்திலது. பழந்தமிழர் போரினை அதன் நோக்கம் பற்றி வகுத்தனர். பகைவரின் ஆநிரையைக் கவர்தல் வெட்சி. அவர்தம் மண்ணை விரும்பி மேற்செல்லுதல் வஞ்சி. அவர்தம் அரணை வளைத்துக் கொள்ளுதல் உழிஞை. இம்மூன்றிலும் வென்றவன் கையில் ஒரு பொருள் வந்து சேரும். மாடு, மண், மதில் என அதனைச் சுட்டிக் காட்டலாம். நான்காவதாகிய தும்பையோ அத்தகையதன்று. அங்கே வலிமையே பொருள். என் ஆற்றல் பெரிதோ நின் ஆற்றல் பெரிதோ என்பது ஒன்றே வழக்கு. தும்பைக்கு வேறொரு சிறப்பும் உண்டு. ஆநிரை கவர்வோன் வெட்சி சூடினால், மீட்போன் கரந்தை சூடுவான். மதிலை வளைப்போன் உழிஞை சூடினால், காப்போன் நொச்சி சூடுவான். தும்பைப் போரிலோ இரு படையினரும் ஒரே பூவைச் சூடுவர் என்பது புறப்பொருள் இலக்கணம் வகுத்தோர் கொள்கை.

இங்கிலாந்தும் அவுஸ்திரேலியாவும் துடுப்பாட்டத்தில் நிகழ்த்தும் போர் தும்பைப் போர் என்பது எமது துணிபு. இதனை உளத்திற்கொண்டு அதன் வரலாற்றினுட் புகுவோம்.

இரு நாட்டாரும் ஆடிய முதலாவது ரெஸ்ற் போட்டி 1877 ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் மெல்பேண் மைதானத்தில் நிகழ்ந்தது. அக்காலத்தில் அவுஸ்திரேலியா என ஒரு தனி நாடு இருந்ததில்லை. பிரித்தானிய முடிக்குட்பட்ட தனித்தனிக் குடியேற்றங்களே இருந்தன. அவை ஒன்றுசேர்ந்து கூட்டாட்சி நாடாகியது 1901 ஆம் ஆண்டிலாகும். ஆகவே, நாடு பிறப்பதற்கு இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன்னரே அந்நாட்டின் அணி பிறந்துவிட்டது. அப்போட்டியில் அவுஸ்திரேலியர் 45 ஓட்டங்களால் வென்றனர். அவர்கள் பக்கத்தில் சார்ள்ஸ் பனர்மன் என்பவர் 165 ஓட்டங்கள் பெற்று, விரலிற் காயமுற்றுக் களத்தை விட்டு நீங்கினார். தாய்நாட்டை வெல்வதற்குக் காரணராயிருந்த அவர்தாமும் இங்கிலாந்திற் பிறந்தவரே என்பது நினைவுகொள்ளத் தக்கது. நூறு ஆண்டுகள் கழித்து, 1977 ஆம் ஆண்டில், அதே மைதானத்தில் நூற்றாண்டு விழாப் போட்டி ஒன்றை ஆடினர். அதிலும் அவுஸ்திரேலியரே வென்றனர். அதுவும் அதே 45 ஓட்டங்களால் வென்றனர். புனைகதையில் எழுதினால் நம்பார் எனக் கதாசிரியர் விட்டுவிடத்தக்க செய்தி இது.

இதிலிருந்தே இப்போட்டியின் இயல்பு புலனாகும். அயலான் எம்மை வென்றாற் பொறுத்துக்கொள்ளலாம். உடன்பிறந்தான் வென்றால் அவ்வளவு எளிதிற் பொறுத்தல் இயலாது. கடல் கடந்து குடியேறியவரின் பிள்ளைகள், தம் தந்தையர் விட்டு வந்த நாட்டாரை நோக்கி, "நாம் உம்மினும் தாழ்ந்தோமல்லோம்" என்று சொல்ல விரும்பினர். அதனைச் சொல்வதற்கு அவர்கட்குப் படையில்லை, பாராளுமன்றத்தில் இடமில்லை, துடுப்பும் பந்தும் இருந்தன.

இனிச் சாம்பல் வந்த வரலாற்றைக் கூறுவோம். 1882 ஆம் ஆண்டு ஆவணி மாதம் 28 ஆம், 29 ஆம் நாள்களில் இலண்டன் மாநகரின் ஓவல் மைதானத்தில் ஒரே ஒரு ரெஸ்ற் போட்டி நடைபெற்றது. அவுஸ்திரேலியர் முதலில் 63 ஓட்டங்களே பெற்றனர். இங்கிலாந்து அணி 101 பெற்றது. இரண்டாம் முறை அவுஸ்திரேலியர் 122 பெற்றனர். அவ்வாட்டத்தின்போது ஒரு நிகழ்ச்சி. இளைஞராகிய ஜோன்ஸ் என்பவர் ஓட்டம் ஒன்றனை ஓடி முடித்தபின், இனிப் பந்து ஆட்டத்தில் இல்லை என்று எண்ணி, ஆடுகளத்தின் மேடு ஒன்றைத் தட்டிச் சமன்செய்வதற்காக எல்லைக் கோட்டுக்கு வெளியே வந்தார். இங்கிலாந்தின் பெருவீரரும் நீண்ட தாடியாற் பெயர்பெற்றவருமாகிய டபிள்யூ. ஜி. கிறேஸ், பந்தைக் கையிற் கொண்டு விக்கெற்றைத் தட்டி வீழ்த்தினார். மத்தியஸ்தர் ஆட்டமிழப்பு என்றே தீர்ப்பளித்தார். விதிப்படி அது சரி. விளையாட்டின் அறப்படி அது சரியோ என்பது வேறு வினா. இவ்வினாவை வாசகர் மறவாதிருப்பாராக. கட்டுரையின் இறுதியில் இது மீண்டும் வரும்.

இச்செயலைக் கண்டு சினமடைந்தவர் பிரெட்றிக் ஸ்போபோர்த் என்னும் வேகப் பந்து வீச்சாளர். "பேய்" என்பது அவர்க்கு வழங்கிய பட்டப்பெயர். இங்கிலாந்து வெல்வதற்கு 85 ஓட்டங்களே வேண்டியிருந்தன. இரண்டு விக்கெற்றுகளை மாத்திரம் இழந்து 51 ஓட்டங்களை அவர்கள் எட்டியும் விட்டனர். அதன்மேல் ஸ்போபோர்த்தின் பந்துகளுக்கு ஆட்டக்காரர் ஒருவர் பின் ஒருவராக வீழ்ந்தனர். பார்த்திருந்தவர் ஒருவர் தம்மை மறந்து குடையின் கைப்பிடியைக் கடித்துத் துண்டாக்கினார் என்று ஒரு கதையும் வழங்குகின்றது. இங்கிலாந்து 77 ஓட்டங்களுடன் சுருண்டது. ஏழு ஓட்டங்களால் அவுஸ்திரேலியர் வென்றனர். இரண்டு இன்னிங்ஸிலுமாக ஸ்போபோர்த் 90 ஓட்டங்களுக்குப் பதினான்கு விக்கெற்றுகளைச் சாய்த்திருந்தார். தம் சொந்த மண்ணில் அவுஸ்திரேலியரிடம் இங்கிலாந்து தோற்றது அதுவே முதன்முறை.

சில நாள்களின் பின், "ஸ்போர்ட்டிங் ரைம்ஸ்" என்னும் பத்திரிகையில் மரண அறிவித்தல் ஒன்று வெளிவந்தது. றெஜினோல்ட் ஷேர்லி புறூக்ஸ் என்னும் பத்திரிகையாளர் எழுதியது அது. இறந்தவர் யாரெனின், ஆங்கிலத் துடுப்பாட்டம். அது ஓவலில் உயிர் நீத்தது. நண்பர் பலர் துயருறுகின்றனர். உடல் தகனஞ் செய்யப்பட்டுச் சாம்பல் அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டு செல்லப்படும் என்பது அதன் சாரம். எமது ஊரில் மரண அறிவித்தல் விளையாட்டுக்குரிய பொருளன்று. ஆயினும் தம் தோல்வியைத் தாமே நகையாடிய அந்நெஞ்சத்தை நாம் வியவாதிருத்தல் இயலாது. இப்பெரும் போட்டிக்குப் பெயர் தந்தது வென்றோரின் பெருமிதமன்று, தோற்றோரின் நகைச்சுவையே.

அவ்வாண்டின் இறுதிப் பகுதியில், ஐவோ பிளை என்னும் இளம் பிரபுவின் தலைமையில் இங்கிலாந்து அணி ஒன்று கப்பலேறியது. "அச்சாம்பலை மீட்டு வருவேன்" என்பது அவர் விளையாட்டாய் மொழிந்த வஞ்சினம். இவ்விடத்தில் எமது நாட்டுக்கும் இவ்வரலாற்றுக்கும் உள்ள தொடர்பைக் குறித்தல் வேண்டும். அவர்கள் ஏறிவந்த "பெஷாவர்" என்னும் கப்பல் கொழும்பில் தரித்தது. வீரர்கள் இறங்கி இங்கும் ஒரு போட்டி ஆடினர். கொழும்பை விட்டு நீங்கிய சிறிது காலத்துள் அக்கப்பல் நடுக்கடலில் வேறொரு மரக்கலத்துடன் மோதியது. வேகப் பந்து வீச்சாளர் மோர்லி என்பவர் விலா எலும்பில் அடிபட்டுத் துன்புற்றார். அக்காலந்தொட்டுக் கப்பற் பயணம் வழக்கிலிருந்த வரையில், இரு நாட்டு அணிகளும் கொழும்பில் இறங்கி ஒருநாள் ஆடிச் செல்வது மரபாயிற்று. 1948 ஆம் ஆண்டில் டொன் பிறட்மனின் அணி இங்கே ஆடியபோது, ஆடுகளத்தை அளந்து பார்க்க, 22 யார் இருக்க வேண்டிய இடத்தில் 20 யாரே இருந்தது! எமது முன்னோர் இப்பெரும் போரை வழியிடை நின்று கண்டவர். விருந்தினர்க்கு இரண்டு யார் குறைத்து அளந்தவருமாவர்.

நிற்க. பிளையின் அணி மெல்பேணை அடைந்தது. அந்நகருக்கு அண்மையிலுள்ள சன்பெரி என்னும் ஊரில், சேர் வில்லியம் கிளார்க் என்பவரின் "றூப்பேட்ஸ்வூட்" மாளிகையில் அவர்கள் விருந்தினராயினர். அவ்வீட்டாரும் பிற பெண்மணிகளும் விளையாட்டாகச் சிறிய மட்கலம் ஒன்றிற் சாம்பலை இட்டுப் பிளைக்கு வழங்கினர். எரிக்கப்பட்டது விக்கெற்றின்மேல் வைக்கும் சிறு கட்டை என்பர் பலர். வேறு கூறுவாரும் உளர். முன்னைய ஆண்டில் இங்கிலாந்தை வென்ற அணியுடன் ஆடிய மூன்று போட்டிகளில் இரண்டினைப் பிளையின் அணி வென்றது. சாம்பல் மீண்டது. அதனோடு வேறொன்றும் அவர்க்குக் கிடைத்தது. அம்மாளிகையில் இசை கற்பித்துவந்த புளோறென்ஸ் மோர்பி என்னும் ஆசிரியையை அவர் 1884 ஆம் ஆண்டில் மணம்புரிந்தார். 1927 இல் அவர் இறந்தபின் அவ்வம்மையார் அக்கலத்தை இலண்டன் லோர்ட்ஸ் மைதானத்தை உடைய எம். சி. சி. கழகத்தாரிடம் ஒப்படைத்தார். நான்கு அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட உயரமுடைய அம்மட்கலம் அங்கேயே வைக்கப்பட்டுள்ளது.

புதியவர் மயங்கும் இடம் இதுவே. அவுஸ்திரேலியர் வென்றாலும் அக்கலம் அவர்களிடம் செல்வதில்லை. 1988, 2006 முதலிய ஆண்டுகளிற் காட்சிக்காகச் சென்று திரும்பியதன்றி, வெற்றிப் பொருளாக அது கடல் கடந்ததில்லை. 1998 ஆம் ஆண்டு தொடங்கிய தொடர் முதலாக அதன் வடிவிற் செய்த பளிங்குக் கிண்ணம் ஒன்று வென்றோர்க்கு வழங்கப்படுகின்றது. ஆகவே "சாம்பலை வென்றனர்" என்பது வெறும் சொல்; கையில் வருவது ஒன்றுமில்லை. மாடுமில்லை, மண்ணுமில்லை, மதிலுமில்லை. தும்பை என நாம் கூறியதன் காரணம் இப்போது விளங்கும்.

ஆட்ட முறையையும் சுருங்கச் சொல்லுதல் வேண்டும். இக்காலத்தில் ஒரு தொடருக்கு ஐந்து ரெஸ்ற் போட்டிகள். போட்டி ஒவ்வொன்றும் ஐந்து நாள் வரை நீளும். இங்கிலாந்தில் ஒரு முறையும் அவுஸ்திரேலியாவில் ஒரு முறையுமாக, ஏறத்தாழ இரண்டாண்டுக்கொரு முறை தொடர் நடைபெறும். இங்கிலாந்தில் நடப்பது அந்நாட்டுக் கோடையில். அவுஸ்திரேலியாவில் நடப்பது கார்த்திகை தொடங்கித் தை வரை. மெல்பேண் போட்டி நத்தாருக்கு மறுநாளும், சிட்னிப் போட்டி புத்தாண்டை ஒட்டியும் தொடங்குவது வழக்கம். தொடர் சமநிலையில் முடிந்தால், முன்னர் வென்றவரிடமே சாம்பல் தங்கும். வைத்திருப்போன் வெல்லவேண்டியதில்லை, தோலாதிருந்தாற் போதும். வேலைத்தலத்துப் பூசல்களிற் பாதி இவ்விதியை அறியாமையால் எழுவது.

இனி, இப்போட்டி ஏறக்குறைய மடியும் நிலையை அடைந்த காலத்தைக் கூறுவோம். 1930 ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்குச் சென்ற பிறட்மன், அப்போது இருபத்தொரு வயதினர், ஐந்து ரெஸ்ற் போட்டிகளில் 974 ஓட்டங்களைக் குவித்தார். லீட்ஸ் நகரில் ஒரே நாளில் 309 ஓட்டங்கள் பெற்றார். அவரை அடக்குவது எவ்வாறு என்பதே இங்கிலாந்தின் கவலையாயிற்று. 1932 ஆம் ஆண்டிற் புறப்பட்ட அணிக்குத் தலைவராயிருந்த டக்ளஸ் ஜார்டின் ஒரு வழி கண்டார். வேகப் பந்து வீச்சாளர் விக்கெற்றை நோக்காது, ஆட்டக்காரரின் உடலை நோக்கிப் பந்தைக் குறுகக் குத்தி எழுப்புதல். அவரது கால் பக்கத்தில் அண்மையிலே களத்தடுப்பாளரை வளையமாக நிறுத்துதல். துடுப்பால் தடுத்தாற் பந்து உயர்ந்து அவ்வளையத்தார் கையில் விழும். தடாவிடின் உடலில் விழும். தலைக்கவசம் இல்லாத காலம் அது. "பொடிலைன்" எனப் பத்திரிகைகள் அதனை அழைத்தன.

இத்திட்டத்தை நிறைவேற்றும் கையாக வாய்த்தவர் ஹறோல்ட் லார்வூட். நொட்டிங்ஹம்ஷயர் மாவட்டத்து நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து வளர்ந்தவர், நெடியவரல்லர், ஆயினும் அக்காலத்தில் அவர்போல் வேகமாய் வீசியவர் இலர் என்பர். 1933 ஆம் ஆண்டு தை மாதம் அடிலெயிட் நகரில் மூன்றாவது போட்டி. அவரது பந்து ஒன்று அவுஸ்திரேலியத் தலைவர் வூட்புல்லின் நெஞ்சில் இடித்தது. அவர் துடுப்பை விட்டு நெஞ்சைப் பற்றிக்கொண்டு தள்ளாடினார். அதன்பின் லார்வூட் அவருக்கு வீச வந்தபோது, ஜார்டின் களத்தடுப்பை மாற்றி அவ்வளையத்தை அமைத்தார். ஐம்பதினாயிரம் மக்கள் கொதித்தெழுந்தனர். ஆட்டமிழந்து திரும்பிய வூட்புல், ஆறுதல் கூற வந்த இங்கிலாந்து முகாமையாளரிடம், களத்திலே இரண்டு அணிகள் உள்ளன, அவற்றுள் ஒன்றே துடுப்பாட்டம் ஆடுகின்றது என்னும் கருத்துப்பட உரைத்தார். பின்னர் ஓல்ட்பீல்ட் என்னும் விக்கெற் காப்பாளருக்கு மண்டையோடு வெடித்தது. அப்பந்து அவ்வளையத்தை அமைத்து வீசியதன்று. தம் அடி தவறியதே காரணம் என்று ஓல்ட்பீல்ட் தாமே கூறினார். ஆயினும் கூட்டம் அதனைக் கேட்கும் நிலையில் இருந்திலது.

அவுஸ்திரேலியச் சபை, இஃது விளையாட்டு அறத்துக்கு மாறானது என எம். சி. சி. கழகத்துக்குத் தந்தி அடித்தது. கழகத்தார் அச்சொல்லைப் பெரும் பழியாகக் கொண்டு, வேண்டுமாயின் எஞ்சிய ஆட்டங்களை நிறுத்திவிடலாம் என விடை விடுத்தனர். இரு நாட்டு அரசியலாளரும் கவலைகொண்டனர். ஈற்றிற் சபை தன் சொல்லைத் தளர்த்தியது, ஆட்டம் தொடர்ந்தது. இங்கிலாந்து நான்குக்கு ஒன்று என வென்றது. லார்வூட் 33 விக்கெற்றுகளைப் பெற்றார்.

ஈண்டு ஒன்று கவனிக்க. இங்கிலாந்து அணியினுள்ளேயே இதற்கு உடன்படாதார் இருந்தனர். கபி அலன் என்னும் வேகப் பந்து வீச்சாளர் அம்முறையில் வீச மறுத்தார். சிட்னியில் முதற் போட்டியிலேயே சதம் பெற்ற பட்டௌடி நவாப், அவ்வளையத்தில் நிற்க மறுத்தார் என்பர். இரண்டாம் போட்டியின் பின் அவர்க்கு அணியில் இடங்கிடைத்திலது. வென்ற பக்கத்தில் நின்றுகொண்டே வென்ற முறையை ஒப்பாதிருத்தல் எளிதன்று. பின்னாளில், அத்தகைய பந்துவீச்சைத் தடுக்குமாறு துடுப்பாட்ட விதிகளே திருத்தப்பட்டன.

வென்று கொடுத்த லார்வூட்டுக்கு என்ன கிடைத்தது? மன்னிப்புக் கோருமாறு அவரைக் கேட்டனர். தலைவன் சொற்படி வீசியவன் எதற்காக மன்னிப்புக் கேட்பது என அவர் மறுத்தார். அத்தொடரின் பின் இங்கிலாந்துக்காக அவர் ஒருபோதும் ஆடியதில்லை. இறுதியில் பிளாக்பூல் நகரில் ஒரு சிறிய இனிப்புக் கடை வைத்துக்கொண்டு, தம் பெயரை வெளியே காட்டாது வாழ்ந்தார். அவரைத் தேடிச் சென்றவர் ஜாக் பிங்கிள்ரன், அடிலெயிட்டில் அவரது பந்துக்கு எதிரே நின்ற அவுஸ்திரேலிய ஆட்டக்காரர், பின்னர்ப் பத்திரிகையாளரானவர். அவரது ஊக்கமும் உதவியும் பெற்று, 1950 ஆம் ஆண்டில் லார்வூட் தம் மனைவியுடனும் ஐந்து பெண்மக்களுடனும் சிட்னியிற் குடியேறினார். அவரை ஏற்றிச் சென்றது "ஒறொன்ரஸ்" என்னும் கப்பல். 1932 இல் ஜார்டினின் அணியைச் சுமந்து சென்றதும் அதே கப்பல்தான். தம்மைக் கண்டு ஊளையிட்ட நாட்டில், அன்பான அயலவரிடையே, நாற்பத்தைந்து ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். 1995 ஆம் ஆண்டில் அங்கேயே கண்மூடினார். தாய்நாடு கைவிட்டவனை எதிரிநாடு ஏற்றுக்கொண்டது. சாம்பற் கிண்ணத்தின் வரலாற்றில் ஒரே ஒரு செய்தியைத்தான் கூறலாம் என்று எம்மைப் பணிப்பின், வெற்றி தோல்விக் கணக்கை விடுத்து இதனையே கூறுவோம்.

இவ்வகைச் செய்தி பிறவும் உள. 1948 ஆம் ஆண்டில் பிறட்மன் தமது இறுதி ரெஸ்ற் போட்டிக்கு ஓவலில் இறங்கினார். இங்கிலாந்து வீரர் அவரைச் சூழ்ந்து நின்று மும்முறை வாழ்த்தொலி எழுப்பினர். இன்னும் நான்கு ஓட்டங்கள் பெற்றிருந்தால் அவரது சராசரி நூறாகியிருக்கும். ஹொலிஸ் வீசிய இரண்டாவது பந்திலேயே ஓட்டமின்றி ஆட்டமிழந்தார், சராசரி 99.94 என நின்றது. வாழ்த்தவும் தெரிந்திருந்தது, வாழ்த்திய கையோடே வீழ்த்தவும் தெரிந்திருந்தது.

எமது நினைவிலும் ஒன்று உண்டு. 1993 ஆம் ஆண்டு ஆனி மாதம். யாழ்ப்பாணத்தில் அப்போது மின்சாரம் இல்லை. அயல்வீட்டு அண்ணர் ஒருவர் மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, தைனமோவிலிருந்து வரும் மின்னால் வானொலியை இயக்குவார். கை தளர்ந்தாற் குரலும் தளரும். அவ்வாறு கேட்ட செய்திகளுள் ஒன்று, ஷேன் வோண் என்னும் இளைஞர் சாம்பற் தொடரில் தாம் வீசிய முதற் பந்திலேயே மைக் கற்றிங்கின் விக்கெற்றைச் சாய்த்தார் என்பது. கால் பக்கத்துக்கு வெளியே குத்திய பந்து, திரும்பி மறுபக்கக் குச்சியைத் தட்டியதாம். அப்பந்தைக் கண்ணாற் காண எமக்குப் பல ஆண்டுகள் சென்றன. எனினும் பதின்பருவத்தினராயிருந்த நாம் அன்றிரவே அதனைக் கண்டுவிட்டோம். எவ்விடத்தையோ சேர்ந்த இரு நாட்டாரின் ஆட்டம் எம்மை ஏன் ஈர்த்தது என வினவின், சுற்றியிருந்த யாவும் மண்ணுக்கும் உயிருக்குமாக நிகழ்ந்த காலத்தில், ஒன்றுமில்லாத ஒன்றுக்காக இத்துணை உண்மையாய் இருவர் மோதுவதைக் கேட்பது ஆறுதலாயிருந்தது என்பதே விடை.

1989 முதலாக எட்டுத் தொடர்களை அடுத்தடுத்து அவுஸ்திரேலியரே வென்றனர். அத்தொடர் வெற்றி 2005 ஆம் ஆண்டில் அறுந்தது. அவ்வாண்டு பேமிங்ஹம் நகரின் எட்ஜ்பாஸ்ரனில் இரண்டே இரண்டு ஓட்டங்களால் இங்கிலாந்து வென்றபோது, வென்ற அணியின் அன்ட்ரூ பிளின்ரோப், தோல்வியுற்று நிலத்திற் குந்தியிருந்த பிறெற் லீயின் அருகே குனிந்து தோளைத் தொட்டுக் கைகொடுத்தார். அத்தொடரின் ஓட்டக் கணக்கை மறந்தோரும் அப்படத்தை மறந்திலர்.

இவற்றைக் கேட்டு, இருவரும் எப்போதும் அறத்தின் வழியே நின்றனர் என எண்ணிவிடுதல் கூடாது. 2023 ஆம் ஆண்டு லோர்ட்ஸ் மைதானத்தில், இங்கிலாந்தின் பெயர்ஸ்ரோ உயர்ந்து வந்த பந்துக்குக் குனிந்து வழிவிட்டு, ஆட்டம் நின்றது என்று எண்ணி எல்லைக் கோட்டை விட்டு வெளியே நடந்தார். அவுஸ்திரேலிய விக்கெற் காப்பாளர் கேரி பந்தை எறிந்து விக்கெற்றை வீழ்த்தினார். மத்தியஸ்தர் ஆட்டமிழப்பு என்றார். கழகத்தின் மூத்த உறுப்பினர் சிலரே வரம்பு கடந்து அவுஸ்திரேலிய வீரரை ஏசினர்; மூவரைக் கழகம் இடைநிறுத்தியது. இரு நாட்டுப் பிரதமரும் கருத்துரைத்தனர். வாசகர்க்கு இப்போது கிறேஸின் நினைவு வரும். 1882 இல் இங்கிலாந்தார் செய்தது, அவுஸ்திரேலியர் சினந்தனர். 2023 இல் அவுஸ்திரேலியர் செய்தது, இங்கிலாந்தார் சினந்தனர். நூற்று நாற்பத்தோராண்டுகளின் பின்னும் வழக்கு அதுவே: விதி அனுமதிப்பதை எல்லாம் செய்யலாமா? விடை காணப்படவில்லை. ஆனால், வினா மறக்கப்படவுமில்லை. அதனை மறந்த நாளில் இப்போட்டி வெறும் ஓட்டக் கணக்காகிவிடும்.

தம்பி, இனி உமது வினாவுக்கு வருவோம். ஒரு பிடி சாம்பலுக்கா இவ்வளவும் என்று கேட்டீர். ஆம், சாம்பலுக்கே. பொன்னாயிருந்தால் ஒருவர் வென்று பூட்டி வைத்திருப்பர், போட்டியும் முடிந்திருக்கும். சாம்பலாயிருத்தலால் ஒவ்வொரு முறையும் புதிதாய் வெல்ல வேண்டியிருக்கின்றது.

எந்தப் பக்கம் என்று கேட்டீர். மகன் பக்கம் நில்லும். அவன் வளரும் மண் அது. அம்மண்ணைத் தன்னது என்று அவன் சொல்லக் கற்றுக்கொள்ளும் வழிகளுள் இதுவும் ஒன்று. உமது பக்கத்து மேசையில் இருக்கும் இங்கிலாந்துக்காரர் கேலி பேசினால் நீரும் பேசும். அவருடைய அணி வென்ற நாளில் முதற்கண் எழுந்து கைகொடுப்பவர் நீராயிரும். நத்தாருக்கு மறுநாள் மகனை மெல்பேண் மைதானத்துக்கு அழைத்துச் செல்லும். 1877 இல் முதற் போட்டி நடந்த மைதானம் அது. உம் வீட்டிலிருந்து எட்டாத தூரமன்று. இன்னொரு நாள் சன்பெரிக்குச் சென்று, இன்றும் நிற்கும் அம்மாளிகையை வெளியே நின்றேனும் காட்டும். லார்வூட்டின் கதையையும் சொல்லும். அவரும் உம்மைப் போலக் குடும்பத்துடன் கப்பலேறிப் புதிய நாட்டுக்கு வந்தவரே.

அப்போது அவன், இரண்டில் எவர் நல்லவர் என்று கேட்பான். பிள்ளைகள் அவ்வாறுதான் கேட்பர். தும்பைப் போரில் இரு பக்கத்தாரும் ஒரே பூவையே சூடுவர் என்று சொல்லும். இலக்கண வகுப்பில் நீர் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நாளிலே நாம் நடத்திய பாடம் அது.